வவ்வால் குகைக் காசித்தும்பை

மரக்காணம்
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

சிலம்பு கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் எழுந்து நடமாடுகிற அளவுக்கு நலம். நீயும் மருமகளும் பேத்தியும் அந்தப் பனியில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்துக்கொண்டு காலையிலேயே உப்பளத்துக்குப் போய்விடுகிறார். இந்த வருஷம் மழை நீண்டுவிட்டதால் பாத்தியில் இன்னும் சேறு மிதிக்கிற வேலையே முடியவில்லை, ஆள் கிடைப்பதும் கஷ்டம். போன வாரம் போனில் நீ, ஏம்மா கொரலே ஒரு மாதிரி இருக்குது, உடம்பு சரியில்லையா என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். உடம்பில் ஒன்றுமில்லைதான், ஆனால் களைப்பு இருக்கிறது. அது எங்கேயிருந்து வந்ததென்று போனில் சொல்ல வரவில்லை, எழுதினால் வருமென்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஒரு செடிக்குப் பின்னால் அலைந்துகொண்டிருப்பது உனக்குத் தெரியும், முழுக்கதை தெரியாது. மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் காலேஜ் பிள்ளைகளைத் திண்டிவனம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு பாறைமலைக்குக் கூட்டிப்போனேன். அங்கே வவ்வால் குகை என்று ஊரார் சொல்கிற ஒரு பொந்து உண்டு. குனிந்துதான் நுழைய வேண்டும், உள்ளே வவ்வால் நாற்றம் மூக்கை அடைக்கும். பாறைவெடிப்பில் தண்ணீர் கசிகிற இடத்தில், பாதி இருட்டில், காசித்தும்பை பூத்திருந்தது. மலையடி ஓடையில் இளஞ்சிவப்புக் கோடு போட்ட காசித்தும்பை நிறைய இருக்கிறது, அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் குகைக்குள் இருந்தது முழு வெள்ளை. தண்டு கண்ணாடி மாதிரி, உள்ளே நீர் ஓடுவது தெரிகிறாற்போல இருந்தது. இலையின் அடிப்பக்கம் கறுஞ்சிவப்பு, பூவுக்குப் பின்னால் வால் போல நீளுமே, அது கொக்கியாகச் சுருண்டிருந்தது. இத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், யாரும் எழுதிவைக்காத ஒன்றை என் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை. காசித்தும்பையைப் பறித்தால் வீடு சேர்வதற்குள் பூ குழைந்து கூழாகிவிடும், அதனால் குகையிலேயே உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் வரைந்தோம். வரைந்தோம் என்றால் நானும் ஷமாவும். ஷமா எங்கள் டிபார்ட்மெண்டில் கௌரவ விரிவுரையாளர், நம்மூர்ப் பள்ளிவாசல் தெருப் பெண், நீ பார்த்ததில்லை. வருஷா வருஷம் வேலை இருக்குமா என்று காத்திருக்கிற வேலை அவளுக்கு. அவள் கைதான் நன்றாக வரையும்.

இரண்டு பேரும் சேர்ந்து அது புது இனம் என்று விவரித்து எழுதினோம். வெள்ளைப் பூ என்பதைத்தான் முதல் அடையாளமாகப் போட்டோம், பெயரையும் வெள்ளை என்று பொருள்படும்படி லத்தீனில் வைத்தோம். அடுத்த மழைக்காலத்தில், ஏற்றுக்கொண்டோம் என்று ஆய்வுப் பத்திரிகையிலிருந்து பதிலும் வந்துவிட்டது. ஷமாவுக்கு அப்போது ஒரு காலேஜில் நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ இருந்தது, அந்தக் கட்டுரை கையில் இருந்தால் கிடைத்துவிடும் என்று அவள் வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குள் ஓர் அரிப்பு, இந்த வெள்ளை செடியின் குணமா, இருட்டின் குணமா என்று. குகையிலிருந்து கொண்டுவந்த விதையை ஏற்கெனவே மொட்டைமாடித் தொட்டியில் போட்டிருந்தேன். நம் போர் தண்ணீர்தான் உப்பாயிற்றே, அப்பா முணுமுணுத்துக்கொண்டே குடிக்கிற கேன் தண்ணீரில் பங்கு கொடுத்தார். வெளிச்சத்தில் செடி தடித்து வளர்ந்தது. ஒருநாள் காலையில் பூ விரிந்தது. இளஞ்சிவப்பு, நடுவில் கோடு, ஓடைக்கரையில் இருக்கிறதே அதே கோடு. இலையடியில் சிவப்பும் இல்லை. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன் கண்ணு, ஆறிப்போன பிறகுதான் குடித்தேன்.

ஷமாவை வரச்சொல்லிக் காட்டினேன். அவள் குனிந்து இலையைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, மேடம், இந்த டெஸ்ட்ட நம்மள யாரும் செய்யச் சொல்லலையே, பேப்பர் அக்செப்ட் ஆயிடுச்சி, இந்தத் தொட்டிய மட்டும் மறந்துடலாமே என்றாள். கண்ணால பாத்துட்டேன்மா, பாக்காத மாதிரி எழுத வராது என்றேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒங்களுக்கென்னா மேடம், பர்மனென்ட் வேலை, ரிட்டையர் ஆனா பென்ஷன் வருது, நான் எங்க போறது என்று கேட்டாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே. அன்றைக்கே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டேன். அவளுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் என் எதிர் நாற்காலியை விட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள், குட்மார்னிங் மட்டும் சொல்வாள். செய்தது சரி என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அந்தப் பக்கம் திரும்பாமலேயே பாடம் எடுக்கப் போவேன்.

அந்தக் கார்த்திகையில்தான் புயல். அப்பா தார்ப்பாய் போட்டு உப்பு அம்பாரத்தைக் கட்டப் போனார், நானும் கூடப் போய் ஒரு முனையைப் பிடித்தேன். காற்று என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் பார்த்தால் பாத்தி, வரப்பு, வாய்க்கால் எதுவும் தெரியாமல் ஒரே தண்ணீர், அம்பாரம் இருந்த இடத்தில் ஒரு மேடு கூட இல்லை. வீட்டுக்கு வந்து அப்பா கால் கழுவிவிட்டு, பசிக்குது, சோறு இருக்குதா என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மாடியில் தொட்டிகளும் காய் பிடிப்பதற்குள் விழுந்து உடைந்து கிடந்தன, ஒரு வாரம் கழித்துத்தான் ஏறிப் பார்த்தேன், பார்த்துவிட்டுப் பெருக்கிக் கொட்டினேன். இதையெல்லாம் உன்னிடம் அப்போது சொல்லவில்லை, பேத்தி பிறந்த சமயம்.

அப்புறம் அந்தக் குகைப் பக்கமே நான் போகவில்லை. போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை ஷமா வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி, வண்டியில ஒக்காருங்க மேடம் என்றாள். சிரிக்கவில்லை. அவள் வீட்டு மாடிக்கு அழைத்துப்போனாள். இரண்டு வரிசையாகத் தொட்டி. நான் விட்டுவிட்ட பிறகு அவள் தனியாகக் குகைக்குப் போய் ஈர மண்ணில் விதை பொறுக்கி வந்திருக்கிறாள், ஓடைக்கரை விதையையும் எடுத்து வந்திருக்கிறாள். இந்தப் பக்கம் குகைச் செடி, அந்தப் பக்கம் ஓடைச் செடி, ஒரே மண்ணு, ஒரே தண்ணி, ஒரே வெயிலு, பூவ விடுங்க மேடம், காயப் பாருங்க என்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஓடைச் செடியின் காய் முழுக்கப் பஞ்சு மாதிரி மயிர். குகைச் செடியின் காய் மொழுமொழுவென்று ஒரு மயிர் இல்லாமல் தொங்குகிறது. ஓடைப் பூவின் வால் நேராக நீள்கிறது, குகைப் பூவின் வால் குகையில் பார்த்த அதே கொக்கிச் சுருள்தான். வெயிலில் நிறம் மாறியிருக்கிறது, இவை மாறவில்லை. நான் நிறத்தையே பார்த்துப் பார்த்து உடைந்துபோனதில் குகைக் காயையும் ஓடைக் காயையும் சேர்த்துவைத்துப் பார்க்கவே இல்லை. என் விரல் பட்டு ஒரு காய் பட்டென்று வெடித்து விதை அவள் முந்தானையில் தெறித்தது. அவள் விதையைத் தட்டிவிட்டுக்கொண்டே, ஒங்க மேல கோவம் இன்னும் போகல மேடம், ஆனா அதுக்குச் செடி என்னா பண்ணும் என்றாள்.

அதற்குப் பிறகு விடுமுறை நாளெல்லாம் குகைதான். எனக்குக் குனிய முடியவில்லை, அவள் உள்ளே படுத்தவாக்கில் வரைவாள், நான் டார்ச் பிடிப்பேன். செடி கொஞ்சம்தான் இருக்கிறது, அதனால் செடிகளை உலர்த்திப் பாதுகாக்கிற ஹெர்பேரியத்துக்கு வேண்டிய மாதிரியை மட்டும் வேரோடு எடுத்தோம், எடுத்த இடத்தில் விதையைத் தூவினோம். விவரிப்பைப் புதிதாக எழுதினோம். வெள்ளை என்பதை நானே அடித்தேன், கண்ணாடித் தண்டையும் சிவந்த இலையடியையும் அடித்தேன். எனக்குப் பிடித்ததெல்லாம் போய், வழுக்கைக் காயும் சுருண்ட வாலும் மட்டும் மிஞ்சின. வெயிலில் நிறம் மாறியதையும் மறைக்காமல் எழுதினோம். ஷமாவின் பெயரை முதலில் போட்டேன், அவள் வேண்டாமென்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. செடிக்கு என் பெயரை வைக்கலாமா என்று கேட்டாள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. அப்பாவிடம் கேட்டதற்கு, பேரு வெச்சா மட்டும் அது திரும்பிப் பாக்கப் போவுதா என்றார். கடைசியில் வழுக்கைக் காய் என்றே பொருள் வரும்படி லத்தீனில் வைத்துவிட்டோம்.

போன வாரம் நீ போன் செய்த அன்றைக்குத்தான், வெளியாகிவிட்டது என்று தகவல் வந்தது. சந்தோஷப்பட வேண்டியவள்தானே, ஆனால் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஷமா மட்டும் போனில் அழுதாள். அவள் வேலை இன்னும் அப்படியேதான் தொங்குகிறது, இந்தக் கட்டுரையால் நாளைக்கே ஒன்றும் நடந்துவிடப் போவதில்லை. ஆனால் திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமுக்குப் போனால் தன் பையை என் எதிர் நாற்காலியில் வைத்திருந்தாள். டிபன் டப்பாவைத் திறந்து பாதி இட்லியை என் பக்கம் தள்ளினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சேலை கூட மாற்றாமல் படுத்தவள், அப்பா வந்து விளக்கைப் போடுகிற வரைக்கும் தூங்கியிருக்கிறேன். அப்படித் தூங்கி எத்தனை காலமாயிற்று.

நீ கவலைப்படாதே. மருமகளிடம் குழந்தைக்கு வெந்நீர்தான் கொடுக்க வேண்டுமென்று சொல், அவளும் நேரத்துக்குச் சாப்பிடட்டும். வருகிற வைகாசியோடு எனக்கு வேலை முடிகிறது, அதன் பிறகு உன்னிடம் வந்து இருக்கிறேன், ஆனால் ஐப்பசி மழைக்குள் என்னைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும், அதை மறந்துவிடாதே. அப்பாவுக்கு வாரம் ஒரு தடவையாவது நீயாகப் போன் செய், அவர் கேட்க மாட்டார். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனம் கலங்காமல், நீண்டநாள் சேர்ந்திருக்க வேண்டும்.

உன் அம்மா,
அம்சவல்லி தேவநாதன்