காணாமல் போன பச்சை வட்டம்

எவ்வளவு கிண்டல் செய்தாலும் முகம் சுளிக்காத என் ஆசை மச்சானுக்கு,

அங்கே கரண்ட் கட் உண்டா? இருந்தால் நல்லது. இங்கே கரண்ட் போகும்போதுதான் எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது.

நீங்கள் போன பிறகு உங்கள் வீட்டு வேலையெல்லாம் என் தலையில் விழுந்துவிட்டது. மோட்டார் ரிப்பேர், கேஸ் சிலிண்டர், அக்காவின் பிரஷர் மாத்திரை. விடியுமுன் கட்டுமாவடி போய் மீன் ஏற்றி இலுப்பூரில் இறக்கிவிட்டு வருகிறவனுக்கு இந்த அலைச்சல் பெரிதில்லை. என்னை ஓய்ந்துபோக வைத்தது வேறு. அக்காவுக்கும் உங்கள் மகள் ஜெனிட்டாவுக்கும் நடுவே தூது போனதுதான்.

உங்களை அடக்கம் செய்த அன்று குவைத்திலிருந்து ஜெனிட்டாவால் வர முடியவில்லை. நர்ஸ் வேலை, லீவு கிடைக்கவில்லை. என் போனில் கூப்பிட்டு அழுதாள். அக்கா போனைப் பிடுங்கி, "அப்பன் மொகத்தப் பாக்க வராதவ இனிமே எதுக்குடி வாரே?" என்று கேட்டுவிட்டாள். துக்கத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் விழுந்த வார்த்தையை யார் பொறுக்கி எடுப்பது?

அப்புறம் அக்காவிடம் எப்போது கேட்டாலும் ஒரே பதில். "அவ கூப்பிடட்டும்டா. கம்ப்யூட்டரு இங்கனதான இருக்கு. ஒரு நாளாச்சும் மணி அடிச்சுச்சா?"

ஜெனிட்டாவிடம் கேட்டால், "வீட்டுக்குத்தான் மாமா தெனமும் கூப்பிடுறேன், மெசேஜ் போடுறேன். அம்மாதான் எடுக்க மாட்டேங்குது" என்று அழுகை.

இரண்டு பேரில் ஒருத்தி பொய் சொல்கிறாள் என்றே நினைத்தேன். "என் போன்லயே பேசிக்கிருங்களேன்" என்றால் இரண்டு பேருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வரும். ரோஷத்தை மட்டும் குடும்பத்துக்குச் சமமாகப் பங்கு வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, இன்றைக்கு இதை ஒரு கை பார்ப்பது என்று உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டால், திரையில் கீழே வலது மூலை உங்கள் மண்டையைப் போல வழுவழுவென்று கிடக்கிறது! ஸ்பீக்கர் படம், விசிறி மாதிரி நெட் படம் எல்லாம் அங்கேதானே வரிசையாக நிற்கும்? ஜெனிட்டா கூப்பிட்டால் மினுங்குமே ஒரு பச்சை வட்டம், அதையும் காணோம். அதை அமுக்கித்தான் நீங்கள் அவளோடு பேசுவீர்கள். வேறு வழி அக்காவுக்கே தெரியாது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத எனக்கா தெரியப்போகிறது?

வண்டி கிளம்பாவிட்டால் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவேன். இங்கேயும் அதையே செய்தேன். எல்லா வயரையும் உருவி, துடைத்து, செருகிவிட்டுத் திரும்பப் போட்டேன். மூலை அப்படியே மொட்டையாகத்தான் இருந்தது.

"மீன் கையோட மவுசத் தொடாதடா. ஊர்ப் பூனையெல்லாம் மேசைக்கு வந்துரும்" என்றாள் அக்கா. உங்களோடு குடும்பம் நடத்தியும் அவளுக்கு வாய் குறையவில்லை, பாருங்கள்.

இலுப்பூர்க் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "கொண்டாங்கண்ணே, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்திருவோம்" என்றார். அக்கா மேசைக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டாள். "அவரு போட்டோவும் கொரலும் அதுக்குள்ளதான் கெடக்கு. எவனாச்சும் அழிக்க வரட்டும், பாத்துக்கிறேன்."

அந்த நேரத்தில் நம் கோயில் உபதேசியார் வந்தார். முப்பது நாளும் உங்கள் வீட்டில் ஜெபமாலை சொன்னவர் அவர்தான்.

"என்னய்யா தேடுறீங்க?"

"எங்க மச்சான் போறப்ப இந்த மூலையில இருந்ததப் பூரா வாரிக்கிட்டுப் போயிட்டாருங்க."

குனிந்து பார்த்தவருக்கு முகம் மாறிப்போனது. "அட ஆண்டவரே! அத அமத்துனது நாந்தாங்க."

துக்க வீடு என்று டிவி மேல் துண்டைப் போட்டோம், ரேடியோ வயரைப் பிடுங்கினோம். கம்ப்யூட்டரை யாரும் நினைக்கவில்லை. முதல் வாரம் ஜெபமாலைக்கு நடுவில் அது டிங் டிங் என்று அடித்திருக்கிறது. அமத்துங்கள் என்று அக்காவே சைகை காட்டினாளாம். உபதேசியார் செட்டிங்ஸுக்குள்ளே போய், அந்த மூலையில் சத்தம், படம் என்று வரிசையாக இருந்ததையெல்லாம் ஆப் செய்துவிட்டார்.

"நானா சொன்னேன்?" என்றாள் அக்கா. அவளுக்கு அந்த நாட்களில் ஒன்றுமே நினைவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து துண்டை எடுத்தோம், ரேடியோவை மாட்டினோம். கம்ப்யூட்டர் மேல் துண்டு எதுவும் கிடக்கவில்லை. அதனால் அதற்கும் துக்கம் முடிய வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, மச்சான்.

உபதேசியார் திரும்ப உள்ளே போய் ஒவ்வொன்றாக ஆன் செய்தார். ஸ்பீக்கர் வந்தது, விசிறி வந்தது, பச்சை வட்டம் மட்டும் வரவில்லை. ஒரு முறை அணைத்துப் போட்டார். அது மெதுவாகக் கண் விழித்து, கடைசியில் அந்த மூலையில் பச்சையாக ஒன்று முளைத்தது. உடனே டிங் டிங் என்று அடிக்கத் தொடங்கியது, நிற்கவே இல்லை. பழக்கதோஷத்தில் உபதேசியார் கையை நீட்டினார்.

"அமத்தாதீங்க" என்றாள் அக்கா.

முதலில் வந்திருந்ததைத் தட்டினோம். ஜெனிட்டாவின் குரல். "அம்மா, ஜெபமாலை ஆரம்பிச்சிருப்பீங்க. பேச வேணாம். கம்ப்யூட்டர மட்டும் போட்டு வைங்க. நானும் இங்கேருந்து சேந்து சொல்றேன்." அடுத்த நாளும் அதே குரல், அதே வார்த்தை. அதற்கடுத்த நாளும்.

நாம் துக்கத்துக்கு மரியாதை என்று அமத்தியது யாருடைய துக்கத்தை, மச்சான்? இதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

அக்கா எழுந்துபோய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டுத் தானே அந்தப் பச்சை வட்டத்தை அமுக்கினாள். நர்ஸ் உடுப்பில் பிள்ளை திரையில் வந்து நின்றது.

"அன்னைக்கு நான் சொன்னதக் காதுல வச்சுக்கிறாத, தாயி. வா" என்றாள் அக்கா.

"கல்லறைத் திருநாளுக்கு லீவு போட்டுருக்கேம்மா. அப்பா கோவமா இருப்பாரா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒங்கப்பாவுக்குக் கோவம் வந்து நான் பாத்ததே இல்லத்தா. அந்தத் தைரியத்துலதான் இத்தன வருசம் வம்பிழுத்தேன்" என்றேன். சிரிக்க வைக்கச் சொன்னதுதான். சொல்லி முடிப்பதற்குள் நானே துண்டைத் தேடினேன்.

இது என் சத்தியம், மச்சான். திருச்சி ஏர்போர்ட்டுக்கு நானே அக்காவைக் கூட்டிக்கொண்டு போவேன். பிள்ளை இறங்கியதும் வீட்டுக்குக்கூடத் திருப்பாமல் வண்டியை நேராக உங்கள் கல்லறைக்கு விடுவேன். தாயையும் மகளையும் உங்கள் முன்னால் நிறுத்திவிட்டு நான் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொள்வேன். அன்றைக்கு நடுவில் ஆள் தேவைப்படாது.

உங்களை ஒரு நாளும் சும்மா விடாத,
உங்கள் மனைவியின் தம்பி,
அந்தோணி