போல்ட்டுக்கு அந்தப் பக்கம்

மார்ச் 4
இன்றைக்கும் அதே பேச்சுதான். சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து கை கழுவும்வரை தங்கச்சி வாயில் "எங்க கிளப் மெக்கானிக், எங்க கிளப் மெக்கானிக்". சைக்கிள் கிளப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் 'எங்க'வாம். அந்த ஆள் கையுறை போடாமல் வண்டியைத் தொடமாட்டாராம். அவர் துடைத்த செயினில் முகம் பார்க்கலாமாம். போதாததற்கு அம்மா வேறு, "பரவாயில்லையே, இனிமே ஞாயித்துக்கிழமை வண்டி வேலையிலேருந்து உனக்கு ரெஸ்ட்டு" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். எனக்கு ரெஸ்ட் வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

மார்ச் 6
ஜெராக்ஸ் மிஷின் சர்வீஸுக்குப் போன ஆபீஸில் ரோலரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கையுறைக்காரரையே நினைத்துக்கொண்டிருந்தேன். "என்னங்க, பெரிய ரிப்பேரா?" என்று பயந்துபோய்க் கேட்டார்கள். மிஷினுக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான்.

மார்ச் 9, ஞாயிறு
மனசு ஆறவில்லை, எழுதியே வைக்கிறேன். அந்த வண்டியை ஓட்டுவது அவள், கட்டியது நான். முழு செட்டாக வாங்க நமக்கு வழியில்லாத நேரம். கைப்பிடியில் இருக்கிற கியர் லிவர் ஒரு கம்பெனி. பின்னால் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததுக்குத் தள்ளுகிற டெரெய்லர் வேறு கம்பெனி. "ரெண்டும் ஒத்துப்போகாது, விட்டுடும்மா" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அவர் சொன்னது உண்மைதான். லிவரை ஒரு சொடுக்கு சொடுக்கினால் கேபிள் கொஞ்சம்தான் இழுபடும், அந்த இழுப்பு டெரெய்லருக்குப் போதாது. சின்னப் பல்சக்கரத்தில் சரி செய்தால், ஏற்றத்தில் பெரியதில் அழுத்தும்போது கரகரவென்று கத்தும்.

நானும் விடவில்லை. கேபிளின் முனையை டெரெய்லர் போல்ட்டில் எல்லாரும் மாட்டுகிற பக்கம் மாட்டாமல், போல்ட்டுக்கு அந்தப் பக்கமாகக் கொண்டுபோய் இறுக்கினேன். அதே இழுப்புக்கு டெரெய்லர் கூடுதலாக நகர்ந்தது. எல்லா கியரும் கச்சிதமாக உட்கார்ந்தது! தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவள், "அக்கா, வெண்ணெய் மாதிரி விழுதுக்கா" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

தெரியாதவர்கள் பார்த்தால் யாரோ தப்பாக மாட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மார்ச் 15
23ஆம் தேதி பந்தயம். அதற்கு முந்தின வாரம் எல்லா வண்டியும் கிளப்பில்தான் இருக்க வேண்டுமாம். அவளோடு நானும் போனேன். கையுறைக்காரரை நேரில் பார்த்தாயிற்று. வழுக்கை, குட்டை, சிரித்த முகம். அதுவும் எரிச்சலாக இருந்தது.

"லிவர் ஒரு கம்பெனி, டெரெய்லர் ஒரு கம்பெனி. யாருங்க இந்தக் கல்யாணத்தைப் பண்ணி வெச்சது?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் தங்கச்சியும் சிரித்தாளே!

"நான்தான்" என்றேன்.

"அட, தப்பா எடுத்துக்காதீங்க. நல்லாத்தானே ஓடுது. கேபிள் மட்டும் பழசு, புதுசு போட்டுடறேன். எதாவது பாத்துப் பண்ணணுமா?"

கேட்டார். மரியாதையாக, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 17
போனை எடுத்தேன், வைத்தேன். அவ்வளவு பெரிய ஆளுக்குப் பார்த்த உடனே புரிந்திருக்காதா? புரியாவிட்டால் அவர் பாடு. எல்லாரும் மாட்டுகிற பக்கமே மாட்டுவார். ஸ்டாண்டில் வைத்து மிதித்தால் சரியாக இருப்பதுபோல்தான் தெரியும். ஏற்றத்தில் எழுந்து நின்று அழுத்தும்போது காட்டிக்கொடுக்கும். அப்போது தெரியட்டும் அவளுக்கு, யார் கை நல்ல கை என்று.

ஆனால் ஞாயிறு பந்தயத்தில் முதல் மூன்று பேருக்குத்தான் கிளப் அணியில் இடம்.

மார்ச் 20
சொல்லவில்லை.

மார்ச் 23, ஞாயிறு
கடைசி ஏற்றத்தில் ஓரமாக நின்றிருந்தேன். மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள். வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்தாளோ இல்லையோ தெரியாது. எழுந்து நின்று லிவரைத் தட்டினாள். கரகர என்றது. செயின் இரண்டு பல்சக்கரத்துக்கு நடுவில் தடுமாறி, டக்கென்று வழுக்கியது. கால் காற்றில் மிதித்தது. அப்படியே ரோட்டில் விழுந்தாள்.

முழங்கை தோல் உரிந்து, ரத்தம். எழுந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடினாள். எட்டாவது.

நான் என்ன பண்ணிட்டேன். ஐயோ, என் குழந்தை மாதிரி வளத்தவள — என்ன பண்ணிட்டேன் நான்.

இன்னொன்றும் இருக்கிறது. கரகர என்று கேட்டதே, அவள் விழுவதற்கு முன்னால், அந்த ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சே.

கையுறைக்காரர் முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்தார். வண்டியைத் திருப்பிப் பார்த்தார், போல்ட்டுக்கு அந்தப் பக்கம் பழைய கேபிள் அழுந்திய தடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவளிடம், "நான்தான்மா சரியா பாக்கல. என் தப்பு" என்றார்.

இதிலும் என்னை முந்திக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில்கூட.

மார்ச் 26
தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். முழங்கைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்க்கா."

"அவர் சொன்னாரா?"

"அவர் எங்க சொன்னாரு. 'உங்களுக்குத் தெரியாததா'ன்னு நீ சொன்னப்போ நான் பக்கத்துலதானே நின்னேன். உன் குரல் எனக்குத் தெரியாதா?"

"அப்போ நீயாவது அவர்கிட்ட சொல்லியிருக்கலாமேடி!"

"என்னன்னு சொல்றது? நீ எதோ ஒளிக்கறேன்னு தெரிஞ்சுது, என்னன்னு தெரியலையே. என்னைக்காவது எனக்குக் காட்டியிருக்கியா? கிட்ட வந்தாலே 'கை வெக்காத, கை வெக்காத'ம்ப."

சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஞ்சை வைத்துக் கட்டிவிடு என்று கையை நீட்டினாள். கட்டிவிட்டேன்.

ஏப்ரல் 2
பேசுகிறாள், சிரிக்கிறாள், சாப்பாடு எடுத்து வைக்கிறாள். வண்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு
கிளப்பில் ஓட்டுவதை நிறுத்திவிட்ட ஒரு அக்காவிடமிருந்து வேறு வண்டி வாங்கி வந்திருக்கிறாள். 'அக்கா' என்றுதான் சொன்னாள். லிவர், டெரெய்லர், செயின், பல்சக்கரம், எல்லாம் ஒரே கம்பெனி.

"பழசு நல்ல வண்டிதான்க்கா. ஆனா யாரு கை வெச்சாலும் ஓடற வண்டியா ஒண்ணு இருக்கட்டும்னு தோணிச்சு" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

கூடத்தில் பேப்பர் விரித்து, புது கேபிளை அவளே கோத்தாள். நான் வண்டி சாயாமல் பிடித்துக்கொண்டேன். போல்ட்டில் எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்கவில்லை. எல்லாரும் மாட்டுகிற பக்கத்தில் மாட்டி இறுக்கினாள். பெடலைச் சுற்றிக்கொண்டே லிவரைத் தட்டினாள். ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு பல்சக்கரம், செயின் சத்தமே இல்லாமல் ஏறி இறங்கியது.

"எப்படிக்கா இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது.