அருவியை எடுத்த பிறகு

ஆனி 20, வெள்ளி

காலமான என் நண்பன் ஞானமுத்துவின் ட்ரம்பெட் பதிவிலிருந்து அவன் மகள் எஸ்தர் அருவியை அழித்துவிட்டாள். அப்பாவின் ஜாஸ் வாசிப்புக்காகக் குற்றாலத்தில் கண்காட்சி வைத்திருக்கிறாள், நல்லது. ஆனால் ஐந்தருவியில் நான் பதிந்த கேசட்டின் இரைச்சலை யாரைக் கேட்டு நீக்கினாள்? அந்த இரைச்சலோடு மல்லுக்கட்டத்தானே அவன் அங்கே போய் வாசித்தான்.

கண்காட்சியில் அந்தப் பதிவுக்கு வைத்த அட்டையில் ‘இருவர் வாசித்தது’ என்று வேறு எழுதியிருக்கிறாள்.

“இரைச்சல எடுத்த பெறவுதான் சித்தப்பா, பதிலுக்கு இன்னொருத்தர் வாசிக்கது கேக்குது. யாரு அது?”

“ஏட்டி, மைக்கப் பிடிச்சது நான். அங்கன வேற ஆளே கெடையாது.”

“அப்போ நீங்கதான் வாசிச்சியளோ?” என்று சிரித்தாள்.

எனக்கு விசில்கூட அடிக்க வராது.

போட்டுக் காட்டினாள். ஞானமுத்து நிறுத்தும் இடமெல்லாம் இன்னொரு ட்ரம்பெட் தெளிவாகப் பதில் சொல்கிறது. அதன் வாயையும் யாரோ தேங்காய்ச் சிரட்டையால் மூடித் திறக்கிறார்கள். இந்தப் பக்கம் அப்படி வாசித்தவன் ஞானமுத்து ஒருவன்தான்.

நாளைக்கே எஸ்தர் அந்த அட்டையை எடுக்க வேண்டும். அவளுடைய ஸ்டுடியோக்காரர் அருவியைத் திரும்பச் சேர்க்க வேண்டும். நான் என்னிடமுள்ள மூலக் கேசட்டைப் போட்டுக் கேட்க வேண்டும். இன்றைக்கு வேண்டாம். எஸ்தர் வந்த பிறகு.