இடக்கைப் பழக்கம்

2024 ஜூன் 16, ஞாயிறு

முதல் நாள். பத்துத் தோட்டா சுட்டேன். ஏழு மீட்டர் தூரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு காகிதம். இரண்டுதான் அதில் பட்டது, அதுவும் ஓரத்தில். பயிற்சி கொடுக்கும் ரீபாவுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கியவள். காகிதத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இவன் பொழச்சுக்கிடுவான்" என்றாள்.

சிரிப்பு வரவில்லை. என்னை வெட்டியவனும் பிழைத்துக்கொண்டுதானே திரிகிறான்.

இந்த நோட்டை நான்கு மாதம் தொடவில்லை. இப்போது இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் வருகிறது. பிப்ரவரியில் ஆற்று மணல் ஏற்றிய டிராக்டரை மடக்கி, கிராம நிர்வாக அலுவலர் என்ற முறையில் புகார் எழுதினேன். மறுநாளே சிவகணேஷ் அரிவாளோடு ஆபீசுக்குள் வந்தான். தலைக்கு வந்ததை வலது கையை உயர்த்தித் தடுத்தேன். மூன்று விரல்களின் நரம்பு போய்விட்டது. அவன் ஜாமீனில் வெளியே. எனக்குத் தேர்தல் எல்லாம் முடிந்தபிறகு பிஸ்டல் உரிமம் கொடுத்தார்கள்.

வலது கை இல்லை என்றால் இடது கை. அவ்வளவுதான்.

ஜூன் 17

தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலி. என் வீட்டுக்காரர் எபி தைலம் தேய்த்துவிட்டார்.

ஜூன் 30, ஞாயிறு

ரீபா இன்று என்னை ஏமாற்றினாள். தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத போலித் தோட்டா ஒன்றைச் சொல்லாமல் போட்டுக் கொடுத்தாள். விசையை இழுத்தேன். சத்தம் இல்லை, உதைப்பு இல்லை. ஆனாலும் துப்பாக்கியின் மூக்கு பொத்தென்று கீழே குனிந்தது. நானே பார்த்தேன்.

"பாத்தீங்களா? வெடிக்கதுக்கு முந்தியே குனியுதீங்க. யாருக்குக் குனியுதீங்க?"

கேள்வியைச் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து கதவு அடித்தால் குனிகிறேன், குக்கர் விசில் அடித்தால் குனிகிறேன். ஒரு வெறும் சத்தத்துக்கு — வராத சத்தத்துக்கு! இப்படியா பயந்து போனேன் நான்?

மறுபடி கலந்து போடச் சொன்னேன். மறுபடியும். எது போலி என்று தெரியாமலே இழுக்க வேண்டும். கடைசியில் ஒருமுறை மூக்கு அசையவில்லை. ஒருமுறைதான்.

ஜூலை 4

வீட்டில் வெறும் துப்பாக்கியை வைத்துப் பழகச் சொல்லியிருக்கிறாள். தோட்டாவெல்லாம் அடுத்த அறைப் பீரோவில், பூட்டி. துப்பாக்கி காலிதானா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்துவிட்டுச் சுவரை நோக்கி நிற்கிறேன். துப்பாக்கியின் மேல் ஒரு ரூபாய் நாணயம். அது விழாமல் விசையை இழுக்க வேண்டும். நாணயம் தரையில் விழுகிற சத்தம் எபியின் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கும்போல.

விடைத்தாள் கட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தார். "ஏட்டி சாலோமி, இது என்ன பொழப்பு? திருச்செந்தூர் பக்கம் மாத்தல் கேளு. கை போனவளுக்குக் கட்டாயம் குடுப்பாவ. நானும் அங்கன ஒரு ஸ்கூல் பாத்துக்கிடுதேன்."

"நான் எதுக்குப் போகணும்? வெட்டுனவன்லா ஊரை விட்டுப் போகணும்?"

"நீ செத்துப் போனா நான் என்ன செய்ய?"

அவர் போனபிறகு மறுபடி நாணயத்தை எடுத்து வைத்தேன். பிடிவாதமா இது? இருக்கட்டும்.

ஜூலை 21, ஞாயிறு

பிஸ்டலின் மேல்பகுதியை ஒருமுறை பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா ஏறும். எல்லோரும் மற்றக் கையால் இழுக்கிறார்கள். எனக்கு மற்றக் கை இல்லை. ரீபா ஒரு வழி காட்டினாள். இடுப்புப் பெல்ட்டின் விளிம்பில் பிஸ்டலின் பின்பக்கத்தைக் கொக்கிபோல் மாட்டி, கீழே அழுத்தித் தள்ள வேண்டும். விரல் விசைக்கு வெளியே, மூக்கு மண்மேட்டைப் பார்த்து. மூன்று முறை வழுக்கியது. இடுப்புத் தோல் உரிந்தது. அதற்கப்புறம் மாட்டியது.

அதற்காக ஜங்ஷனில் ஆம்பளை பெல்ட் ஒன்று வாங்கிச் சுடிதாருக்கு மேல் கட்டிக்கொள்கிறேன். தாலுகா ஆபீசில் யாரோ, "மேடம் போலீஸ்ல சேந்துட்டாவளா?" என்று கேட்டார்களாம். கேட்கட்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதவே மனசில்லை. ஆனாலும் எழுதுவேன்.

ரீபா என் கையில் பிளாஸ்டிக் துப்பாக்கியைக் கொடுத்து உறையில் வைக்கச் சொன்னாள். காரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த எபியைக் கூப்பிட்டாள். "அண்ணே, பேப்பரைச் சுருட்டிக்கிடுங்க. அதுதான் அரிவாள். நான் கை தட்டுனதும் அக்காவைப் பாத்து ஓடி வாங்க." அதே ஏழு மீட்டர்.

எபிக்குத் தொப்பை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அவர் ஓடிவந்து என் தோளைத் தொட்டபோது துப்பாக்கி இன்னும் உறையைவிட்டு வரவில்லை. மறுபடியும் செய்தோம். மறுபடியும். ஒவ்வொரு முறையும் நான் செத்தேன்.

கோபத்தில் கத்திவிட்டேன். "அப்போ இவ்வளவு நாளும் என்ன எழவுக்குப் பழகுனேன்?"

ரீபா அசரவில்லை. "துப்பாக்கி வச்சிருந்தா ஒண்ணும் ஆவாதுன்னு யாருக்கா சொன்னா? மொதல்ல நேர்கோட்டை விட்டு விலகுங்க. நடுவுல எதையாவது போடுங்க, வண்டி, மேசை, தூண் எதுவானாலும். சத்தம் போடுங்க. கடைசிலதான் துப்பாக்கி."

நடுவில் ஒரு தகர டிரம்மை வைத்தாள். அவர் ஓடிவர, நான் டிரம்மைச் சுற்றி விலகி, "நில்லுங்க" என்றேன். பட்டா கேட்டு வந்தவரிடம் சொல்வதுபோல் இருந்தது. ரீபா காதில் கை வைத்துக் காட்டினாள். பிப்ரவரியில் அந்த ஆபீசில் எனக்குத் தொண்டையே திறக்கவில்லை. அது ஞாபகம் வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது சத்தம் — "நில்லுல!"

எபி நின்றே விட்டார். பேப்பர் கையிலிருந்து விழுந்துவிட்டது. கட்டிய பெண்டாட்டி தன்னை 'லே' போட்டுவிட்டாள் என்று ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

ஆகஸ்ட் 12

தொண்டை கட்டிக்கொண்டது. ஆபீசுக்கு வந்தவர்களெல்லாம் சளியா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

படம் ஒட்டிய பலகைகள். விசில் அடித்ததும் திரும்பும். ஒருவன் கையில் அரிவாள், ஒருவன் கையில் செல்போன், ஒருத்தி இடுப்பில் குடம். நொடியில் பார்த்து, சுடுவதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

செல்போன்காரனைச் சுட்டேன். சரியாக நெஞ்சில். இதுவரை சுட்டதிலேயே நல்ல சூடு அதுதான்.

ஏன் சுட்டேன்? அவனுக்கு அடர்த்தியான மீசை. சிவகணேஷுக்கும் அப்படித்தான். கையைப் பார்க்கவே இல்லை நான், மீசையைப் பார்த்துவிட்டேன். ரீபா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "மூஞ்சி வேண்டாம், கை." எனக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று பயமாக இருந்தது. ஊரில் எத்தனை பேருக்கு மீசை இருக்கிறது!

மீதித் தோட்டாவைச் சுடாமல் வந்துவிட்டேன்.

செப்டம்பர் 19

சிவகணேஷின் தாய்மாமா நடராஜ் அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். உரக்கடை வைத்திருப்பவர், மரியாதையான மனிதர். எபிதான் உட்காரச் சொன்னார்.

"தங்கச்சி, பய புத்தி கெட்டுப் போய்ச் செஞ்சிட்டான். கேசு வாரப்போ, ஆள் யாருன்னு சரியா தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

நான் உள்ளே போய்க் காபி கொண்டுவந்தேன். டம்ளரை வலது கையால் நீட்டினேன். வேண்டுமென்றேதான். அது விரல்களில் நிற்காது என்று எனக்குத் தெரியும். நழுவி அவர் வேட்டியெல்லாம் காபி.

"சுட்டுட்டா அண்ணாச்சி? மன்னிச்சிருங்க. இந்தக் கையால ஒரு டம்ளரைப் பிடிக்க முடியல. யாரு இப்படி ஆக்குனதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். அதைத்தான் கோர்ட்டுல சொல்லுவேன்."

வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனார். எபி தரையைத் துடைத்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். "வேற டம்ளர்ல எனக்கும் ஒரு காபி போடு" என்றார்.

அக்டோபர் 6, ஞாயிறு

மறுபடி படப் பலகைகள். கையை மட்டுமே பார்த்தேன். குடக்காரிக்கும் செல்போன்காரனுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நவம்பர் 14, வியாழன்

நேராக எழுதிவிடுகிறேன்.

மழையில் வாய்க்கால் கரை உடைந்திருக்கிறது என்று பார்க்கப் போனேன். கூடத் தலையாரி குமரகுருபரன். சேரன்மகாதேவி ரோட்டிலிருந்து வயலுக்குப் பிரிகிற பாதை. பிசானப் பருவத்து நெல் நடவு நடக்கிறது. பாதையில் நாற்றுக்கட்டு ஏற்றிய டிரெய்லர் நின்றது. எதிரே பைக்கை நிறுத்திவிட்டு சிவகணேஷ் இறங்கினான். சீட்டுக்கு அடியிலிருந்து அரிவாளை எடுத்தான்.

"சாட்சி சொல்லுவியோ? சொல்லு பாப்போம்" என்று வந்தான்.

குமரகுருபரன் அண்ணாச்சியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு டிரெய்லருக்கு அந்தப் பக்கம் போனேன். யோசிக்கவில்லை, கால் போனது. கத்தினேன். என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. "நில்லுல! அரிவாளைக் கீழ போடு!" துப்பாக்கி இடது கையில் வந்திருந்தது. பெல்ட்டில் மாட்டித் தள்ளியதும் ஞாபகம் இல்லை.

அவன் கையில் அரிவாள். சுடலாம். ஆனால் அவனுக்குப் பின்னால் வயலில் வரிசையாகப் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். என் குண்டு தவறினால் அவர்களுக்குத்தான். விரலை விசைக்குக் கொண்டுபோகவில்லை. டிரெய்லரை விட்டு நகரவும் இல்லை. அவன் ஒரு பக்கம் வந்தால் நான் மறுபக்கம் போனேன், கத்திக்கொண்டே.

அந்தச் சத்தத்தில் பெண்கள் நிமிர்ந்தார்கள். முதலில் ஓடிவந்தவள் ஜெசி, நடவுக் கூட்டத்துத் தலைவி. அவள் பின்னால் சேறும் நாற்றுமான கைகளோடு மற்றவர்கள். "ஏலே, பொம்பளையவா வெட்ட வார?" அவன் அவர்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அரிவாளை வாய்க்காலில் வீசிவிட்டுப் பைக்கைக் கிளப்பினான்.

சாயங்காலமே பிடித்துவிட்டார்கள். ஜாமீன் ரத்தாகிவிடும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார்.

ஜெசி சேற்றுக் கையாலேயே என் முகத்தைத் துடைத்தாள். "என்ன சத்தம்மா அது! எங்களுக்குக் குலையே நடுங்கிட்டு." எனக்கும்தான்.

நவம்பர் 15

ரீபா போனில் கேட்டாள்.

"சுடலையாக்கா?"

"பின்னால ஆள் இருந்தாவ."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

நவம்பர் 25

பொது இடத்தில் துப்பாக்கி எடுத்ததற்கு விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்த அதிகாரி மெதுவாக, "பேசாம வேற ஊரு வாங்கிக்கிடுங்களேன்ம்மா" என்றார்.

"இல்ல சார்."

2025 பிப்ரவரி 18

சாட்சி சொன்னேன். அவனை நேராகக் காட்டினேன். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார், "கையில் துப்பாக்கி வைத்திருக்கிற நீங்கள் பயந்தேன் என்று சொல்வதை எப்படி நம்புவது?"

"பயந்ததாலதான் வாங்கினேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. பயத்தோடதான் சொல்லுதேன், வெட்டுனது இவன்தான்."

வெளியே ஜெசியும் நாலு பெண்களும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். வயல் பாதையில் நடந்ததற்குச் சாட்சி சொல்லப் பேர் கொடுத்திருக்கிறார்களாம். நடவுக்கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். எனக்கு அங்கே அழுகை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தீர்ப்பு போன மாதமே வந்துவிட்டது. ஏழு வருடம். மேல்முறையீடு செய்வார்கள், செய்யட்டும்.

இத்தனை நாள் பாளையங்கோட்டையிலிருந்துதான் ஆபீசுக்கு வந்துபோனேன். இன்று கிராமத்திலேயே ஒரு வீட்டில் பால் காய்ச்சினோம். வாடகை வீடுதான், ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி. பார்த்து முடித்தது எபி, எனக்குச் சொல்லவே இல்லை. ஏன் என்று கேட்டால், "வி.ஏ.ஓ. ஊருக்குள்ள குடியிருக்கணும்னு சட்டம் இருக்குல்லா? நீ சட்டத்தை மீறலாமா?" என்கிறார். இனிமேல் அவர்தான் தினமும் ஸ்கூலுக்காகப் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏற வேண்டும்.

பாஸ்டர் ஜெபம் செய்துவிட்டுப் போனார். நடவுப் பெண்கள் வந்து இட்லிப் பானையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். மத்தியானம் எல்லோரும் போனபிறகு வீடு அமைதியாகிவிட்டது. மூட்டைகளைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் எபி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஆத்துல குளிக்கப் போறேன். வாரியா?"

போனேன்.