கைகுலுக்கப் போனவன்

அம்மாவுக்குக் கெப்பாவின் சலாம். முழங்கால் வலி குறைந்ததா?

நான் சுகம். சென்ற வாரம் நியூயார்க் தெருவில் ஒரு போலீஸ்காரர் என்னை நிறுத்தினார். தேடுகிற ஆளும் கறுப்பாம், உயரமாம். நம் காம்பியா வழக்கப்படி கைகுலுக்கக் கை நீட்டி, “வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்றேன். அவர் பதறிப்போய் என்னைச் சுவரோடு சாய்த்துவிட்டார்.

எதிரே முடி பின்னும் சலூன் வைத்திருக்கும் டெனிஸ் அக்கா, பாதிப் பின்னலோடிருந்த பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்து, போனில் படமெடுத்தார்.

“இந்தத் தெருவே கறுப்பு, உயரம்தான் சார். எல்லாரையும் சுவத்துல சாய்ப்பீங்களா?”

போலீஸ்காரர் என்னை விட்டுவிட்டார். அக்காவுக்காகத் துஆ செய்யுங்கள்.

நம் தேயிலை அனுப்புங்கள். அக்காவுக்கும் போட்டுக் கொடுப்பேன், தனியாகக் குடித்து அலுத்துவிட்டது. வேலைக்கு நேரமாகிறது.

தம்பி இங்கே வருமுன், கை நீட்டாமல் நலம் விசாரிக்கப் பழக்கிவிடுங்கள்.

உங்கள் கெப்பா