வதனி, டைப்பிங் சென்டரில் லினக்ஸ் எழுந்துவிட்டது

என் வதனிக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. அதனால் நேராகச் செய்திக்கே வருகிறேன். நேற்றுக் காலை ஷார்ஜா ரோலாவில், நஸீர் பாயின் டைப்பிங் சென்டரில், வெளி டிரைவிலிருந்து லினக்ஸ் எழுந்துவிட்டது. அதுவும் முழுத் தமிழில். நீ இருந்திருந்தால் இந்தச் செய்தியைச் சொல்லியே என் போனில் பாலன்ஸ் தீர்ந்திருக்கும்.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சிலவற்றைத் திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ யாழ்ப்பாணம், நான் திருச்சி. இங்கே வளைகுடாவுக்கு வந்து, கராமாவில் ஒரே கம்பெனியில் அடுத்தடுத்த மேசை. ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவள் நீ. கப்பலில் வரும் சரக்குக்கான பேப்பர்களை அடித்தவள் நான். ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமை தமிழ் வகுப்பு என்று ஆரம்பித்ததும் நீதான்.

"பிள்ளையள் வீட்டிலயும் இங்கிலிஷ்தான் கதைக்குதுகள். கொப்பியைக் காட்டினால் ஓடுதுகள். கம்ப்யூட்டர் எண்டால் வருவினம், இரும் பாப்பம்" என்றாய். உன் 'இரும்', 'வாரும்' எல்லாம் முதலில் எனக்கு அதட்டல் போலவே கேட்டன. பிறகு மற்றவர்கள் 'வாங்க' என்றால்தான் ஏதோ குறைந்தாற்போல் இருந்தது.

உனக்குக் கொழும்பில் வைத்தியம் நடந்தபோது வகுப்பு நின்றது. லீவு கிடைக்காமல் உன் இறுதிக் காரியத்துக்கும் என்னால் வர முடியவில்லை. வகுப்பையாவது மறுபடி எழுப்பலாம் என்றால், நம் ஃபிளாட்டில் பிள்ளைகள் கூடினாலே வாட்ச்மேன் கதவைத் தட்டுகிறார். கடைசியில் நஸீர் பாயிடம் போனேன். காயல்பட்டினத்துக்காரர். விசா, லேபர் கார்டு விண்ணப்பங்களை அரபியில் அடித்துக் கொடுக்கும் கடை. வெள்ளியன்று மூடித்தான் கிடக்கும்.

"இடம் தர்றேன் டீச்சர். ஆனா மெஷின்ல ஒண்ணும் ஏத்தக் கூடாது. போன தடவ ஒருத்தன் பாட்டு கேக்குறேன்னு என்னத்தையோ ஏத்தி, அரபி எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா போயிட்டுது. ஒரு வெள்ளி பாப்போம். சனிக்கிழம என் ஃபார்ம் திறக்கலேன்னா கலாஸ், அதோட முடிஞ்சுது, அப்புறம் வகுப்பப் பத்திப் பேசப்படாது."

அந்த மெஷின்களில் தமிழ் எழுத்தே கிடையாது. ஏற்றவும் கூடாது. நீ எப்போதோ இதற்கு வழி சொல்லியிருந்தாய். கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருளான லினக்ஸை, தமிழ் எழுத்தோடு முழுதாக, வெளியே செருகும் ஹார்ட் டிஸ்கில் நிறுவிவிட்டு, யாருடைய மெஷினையும் அதிலிருந்தே தொடங்கலாம். வேலை முடிந்து ஒயரைப் பிடுங்கினால் நாம் வந்துபோன தடமே இருக்காது. ஷேரிங் ஃபிளாட்டில் ஒற்றை அறையில் குடும்பம் நடத்துகிற நமக்கு இது புரியாதா என்ன? அடுத்தவர் அடுப்பில் சமைத்துவிட்டுத் துடைத்துவைத்துப் போவதுதானே.

உன் பழைய சிடியெல்லாம் வேண்டாம், புதுப் பதிப்பே போடுவோம் என்று இறக்கி, ஒரு சிடியில் எழுதிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் டிரைவைச் செருகி உட்கார்ந்தேன். எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசித் திரையில் அந்தக் கேள்வி வந்தது: தொடங்கிவைக்கும் நிரலை எந்த டிஸ்கில் எழுதட்டும்? ஆபீஸில் நீ செய்து காட்டியபோது சொன்னது காதில் அப்படியே கேட்டது.

"உள்ளுக்க இருக்கிறது எச்டிஏ. வெளியில செருகினது எப்பவும் எஸ்டிஏ. கண்ணை மூடிக்கொண்டு எஸ்டிஏ எண்டு அடியும்."

அடித்தேன். மெஷினை நிறுத்திப் போட்டதும் லினக்ஸ் வந்தது. வெளி டிரைவிலிருந்து தொடங்க வேண்டுமென்றால் ஒரு சாவியை அழுத்தி அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; இது எந்தச் சாவியையும் அழுத்தாமலே வந்தது. அதிலாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, அறைக்குள் ஒரு சுற்று ஆடினேன்.

நேற்று பிள்ளைகளோடு அம்மாக்களும் வந்திருந்தார்கள். ராஸ் அல் கைமாவிலிருந்து சரோஜா என்று ஒருத்தி பஸ் பிடித்து மகளோடு வந்திருந்தாள். கணவனுக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. நான் டிரைவைச் செருகி மெஷினைப் போட்டேன். பாயின் வழக்கமான திரைதான் வந்தது. டிரைவைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று அமைப்பில் மாற்றியும் பார்த்தேன். அது டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை.

"இன்னைக்கு என்ன பாடம் டீச்சர், ரிப்பேரா?" என்றாள் சரோஜா. அம்மாக்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. "ஜும்மாக்கு நான் பள்ளிக்குப் போவணும். அதுக்குள்ள ஆவுமா, ஆவாதா?"

அந்நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் போன். "கலா, என்னத்தப் பண்ணி வச்சிருக்க? மெஷின் கறுப்பா நிக்குது. ஏதோ எரர்ங்குது."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

"நேத்து உன் பெட்டி செருகியிருந்துச்சு. அது இல்லாம இது எந்திரிக்காது போல. ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வச்சிட்டியா?"

வதனி, அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அங்கே டிரைவ் இல்லாமல் மெஷின் எழவில்லை. இங்கே அந்த மெஷின் இல்லாமல் டிரைவ் எழவில்லை. தொடங்கிவைக்கும் நிரல் வெளி டிரைவில் ஏறவே இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரின் டிஸ்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. நீ சொன்னது உன் காலத்து லினக்ஸுக்குச் சரி. புதுப் பதிப்பில் உள்ளே இருப்பதற்கும் எஸ்டிஏ என்றே பெயர் வைக்கிறார்கள். இதை உடனே உனக்குச் சொல்ல வேண்டும் என்று போனில் உன் பெயரைத் தேடினேன். பெயர் அப்படியே இருக்கிறது. அழுத்தினால் யார் எடுப்பார்கள்?

"ஈவினிங் வந்து சரி பண்றேங்க, அதுவரைக்கும் அத தொடாதீங்க" என்று வைத்துவிட்டேன்.

பையில் நிறுவும் சிடி இருந்தது. அதிலிருந்தே பாயின் மெஷினைத் தொடங்கினேன். சிடியில் ஓடும்வரை அவர் டிஸ்கைத் தொடாது. பிறகு அந்த நிரலை டிரைவிலேயே எழுத, கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்தேன்.

"என்ன டீச்சர், கறுத்துப் போச்சு?"

"உங்க டிஸ்க்கைத் தொடல பாய்."

"தொடாம எப்படிக் கறுக்கும்?"

திரையில் இரண்டு டிஸ்குகள், எஸ்டிஏ, எஸ்டிபி. ஒன்றில் பாயின் பிழைப்பு, ஒன்றில் நம் வகுப்பு. மாற்றி எழுதினால் சனிக்கிழமை அவர் கடை திறக்காது, இனி எந்த வெள்ளியும் நமக்குக் கிடையாது. அளவைப் பார்த்தேன். அப்படியும் மனசு ஒப்பவில்லை. டிரைவின் ஒயரைப் பிடுங்கினேன், எஸ்டிபி மறைந்தது. செருகினேன், எஸ்டிபி திரும்ப வந்தது. அப்போதும் உன் குரல் எஸ்டிஏ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. முதல் முறையாக உன் பேச்சைக் கேட்காமல் எஸ்டிபி என்று அடித்தேன். கோபமா?

தொடங்கும்போது வரும் மெனுவில், லினக்ஸ் இருக்கும் டிஸ்கின் எண்ணையும் திருத்தினேன். சிடியை எடுத்துவிட்டு மெஷினை மறுபடி போட்டேன். வெறும் கோடு ஒன்று கண்சிமிட்டியது. பாய் ஏதோ ஓதுவது கேட்டது. பிறகு மெனு வந்தது, படம் வந்தது, மேலே 'பயன்பாடுகள்', 'இடங்கள்' என்று தமிழில் பட்டை வந்தது.

சரோஜாவின் மகள்தான் முதலில் உட்கார்ந்தாள். ஆங்கில எழுத்தில் தன் பெயரைத் தட்டத் தட்ட, திரையில் 'யாழினி' என்று வந்தது. "ஆன்ட்டி, திஸ் இஸ் மீ?" என்றாள். ஆமாம் என்றேன். அதை அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். மற்ற பிள்ளைகள் நாற்காலியை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஓடச் சொன்னாலும் ஓடமாட்டார்கள் போலிருந்தது.

வகுப்பு முடிந்ததும் பாய் தன் கையாலேயே டிரைவைப் பிடுங்கி மெஷினைப் போட்டார். அவருடைய திரை வந்தது. ஒரு ஃபார்மைத் திறந்து அரபியில் ஒரு வரி அடித்துப் பார்த்தார். இன்னொன்றையும் திறந்தார். பிறகு கடைச் சாவியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த வெள்ளி கொஞ்சம் வெள்ளனா வாங்க டீச்சர். ஏசி போட்டு வைக்கிறேன்."

படியிறங்கும்போது சரோஜா கேட்டாள். "டீச்சர், அங்க எங்க வீட்டுப் பக்கம் வேலையாளுங்க தங்குற கேம்ப் ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர் சும்மா இருக்கு. அதுலயும் ஒண்ணும் ஏத்த விடமாட்டாங்க. எனக்கும் இப்படி ஒண்ணு போட்டுத் தருவீங்களா?"

போட்டுத் தரமாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், நீயே போடு என்றேன். உன் எஸ்டிஏ போல என் எஸ்டிபியும் நாளைக்குப் பழசாகிவிடலாம், வதனி. வரும் லீவில் ராஸ் அல் கைமாவுக்குப் போவேன். கடைசித் திரை வந்ததும் எதை அடிப்பதென்று அவளுக்குச் சொல்லமாட்டேன். அவள் ஒயரைப் பிடுங்கி, எது மறைகிறதென்று தானே பார்க்கும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். இது உறுதி.

உன் கூடப் பிறக்காத சகோதரி,
கலா
ரோலா, ஷார்ஜா