பவளக் கண்காட்சிக்குப் போன வாரம்

செப்டம்பர் 9, வெள்ளி

விடியலிலிருந்து மழை. பிரிக்ஃபீல்ட்ஸ் சாலையெல்லாம் தண்ணீர். வேலைக்குப் போகுமுன் மீன் தொட்டியில் கால்பங்கு தண்ணீர் மாற்றியாயிற்று. உப்புத் தண்ணீர் டின்னை நாலாவது மாடிக்குத் தூக்கி வந்தது என் வீட்டுக்காரர். கையில் டின், வாயில் முணுமுணுப்பு. ஆறு மாதமாக இதே கதை.

தொட்டியில் இப்போது: ஆரஞ்சு வெள்ளைக் கோமாளி மீன் இரண்டு. பாறை ஏழு. நத்தை ஒன்று, அது பாறையோடு தானாக வந்தது. பவளம் எதுவும் இல்லை.

இன்று முதல் மூன்று நாள் கோலாலம்பூரில் கடல் மீன், பவளக் கண்காட்சி. மீன் கடையில் நோட்டீஸ் பார்த்த நாளிலிருந்து மனம் அங்கேதான். ஓவர்டைம் பணம் நூற்றைம்பது வெள்ளி தனியாக வைத்திருக்கிறேன். அதற்கு மேல் தொடக்கூடாது. வாங்க வேண்டியவை:

உப்பு அளக்கும் கருவி (நாக்கில் வைத்துப் பார்ப்பதை நிறுத்த வேண்டும்)
உப்பு ஒரு பை
சின்னப் பம்பு, விலை படிந்தால்
பவளம். ஒன்றே ஒன்று.

பவளத்தைத்தான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டுக் கீழே கொண்டுபோனேன்.

இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மீனுக்குக் கண்காட்சியா? பாசார்ல ஐஸ் மேல படுத்திருக்கே, சும்மாவே பாக்கலாம் லா" என்றார்.

"நாளைக்கு உங்களுக்குப் பாதி நாள்தானே வேலை. வாங்களேன்."

"வரேன். ஆனா கேன்டீன்லதான் உக்காந்திருப்பேன்."

செப்டம்பர் 10, சனி

வெயில். மினி பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம்.

எப்படி எழுதுவது? மண்டபத்துக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. வெளியே அந்த வெயில், உள்ளே நீல வெளிச்சம். வரிசை வரிசையாகத் தொட்டிகள். பச்சை, ஊதா, செம்பருத்திச் சிவப்பு. பூ மாதிரி, மூளை மாதிரி, மடித்த பட்டுப் புடவை மாதிரி. எல்லாம் உயிர். எல்லாம் மூச்சு விடுகிறது. புத்தகத்தில் பார்த்த படமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அம்பாங்கிலிருந்து வந்த ஒரு சீன அங்கிளின் தொட்டி, ஆறடி நீளம். அதில் தோல் பவளம் ஒன்று, தாம்பாளம் அளவு. ஓரமெல்லாம் கொசுவம் வைத்த மாதிரி மடிப்பு. மேலே நெற்கதிர் போல ஆயிரம் விரல், தண்ணீர் போகும் பக்கமெல்லாம் சாய்கிறது. எட்டு வருடமாக வளர்க்கிறாராம். விலை கேட்டேன், சும்மாதான்.

"நாட் ஃபார் சேல், ஆன்ட்டி. திஸ் ஒன் மை ஃபேமிலி."

இன்னொரு கடையில் ஊதா நுனி கடல் சாமந்தி. அனிமோன் என்றால்தான் கடைக்காரர்களுக்குப் புரியும். கோமாளி மீன் அதற்குள்தான் படுத்துத் தூங்குமாம். "கடைசி பீஸ் அக்கா! நாப்பது வெள்ளி! நாளைக்கு இருக்காது!" பர்ஸைத் திறந்துவிட்டேன். எதிர்க்கடைப் பெண்மணி என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று.

அவர் பெயர் புஷ்பா. ஊர் கிள்ளான். ஐம்பது வயது இருக்கும். கைலி, தொளதொள சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ். காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்கிறார். மற்ற நேரமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் பழைய குளியல் தொட்டியில் பவளம் வளர்க்கிறார்! வெட்டி, கல்லில் ஒட்டி, கட்டைவிரல் அளவு வந்ததும் விற்பனை.

"உங்க டேங்க் எத்தனை மாசம்?"

"ஆறு."

"லைட்டு?"

"சாதா டியூப், ரெண்டு."

"அப்ப அனிமோன் வேணாம்மா. ஒரு மாசம் தாங்காது. பாவம், அது சாகறத நீங்க தினமும் பாத்துக்கிட்டு இருக்கணும்."

அவரிடம் இருந்த பச்சை மஷ்ரூம் பவளம் காட்டினார். நாலு சின்ன வட்டம், ஒரு கல்லில். பதினைந்து வெள்ளி. "இது சாதா லைட்டுக்கே வரும். ஆனா இன்னிக்கே வாங்காதீங்க. வீட்டுக்குப் போய் யோசிங்க, நாளைக்கு வாங்க." வந்த காசை வேண்டாம் என்கிற கடைக்காரரை இன்றுதான் பார்த்தேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அம்பாங் அங்கிள் வந்தார். மஷ்ரூமின் விலைச்சீட்டை விரலால் தட்டினார். "லு ஜுவால் முரா முரா, நந்தி பாசார் ரோசாக் லா." நீ இப்படி மலிவாக விற்றால் மார்க்கெட்டே கெட்டுவிடும் என்று. அங்கிள் போன பிறகும் புஷ்பா அக்கா சிறிது நேரம் கல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வாங்கியது: உப்பு அளக்கும் கருவி, உப்பு. இவர் கேன்டீனில் இரண்டு தே தாரிக் டீ, முழுப் பேப்பர்.

செப்டம்பர் 11, ஞாயிறு

கை இரண்டும் கழன்றுவிடும் போல. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

மதியம் போனோம். மூன்று மணி இருக்கும். வெளியே இடி. படீரென்று ஒரு சத்தம், மண்டபம் இருண்டது. வாசலில் மட்டும் அவசர விளக்கு இரண்டு.

அதுவரை உள்ளே அவ்வளவு இரைச்சல் இருந்ததே தெரியவில்லை. பம்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றதும்தான் தெரிந்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு குரல், "காத்து! காத்து!" அப்போதுதான் எனக்கும் உறைத்தது. தண்ணீர் அசையாவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஏர்கானும் இல்லை. சூடு ஏறிக்கொண்டே வருகிறது.

காவலாளி எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். பாதிப் பேர் போனார்கள். நான் புஷ்பா அக்கா கடைக்கு ஓடினேன். அவரிடம் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு இரண்டு இருந்தன. நான் பார்த்தவரை யாரிடமும் வேறு இல்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு அவர் நேராக அம்பாங் அங்கிளிடம் போனார்.

"அம்பில் லா, அங்கிள்." எடுத்துக்கோ.

அங்கிள் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். குழாயைத் தண்ணீரில் விட்டதும் அக்காதான்.

"அக்கா, உங்க கடைக்கு?" என்றேன்.

"அது எட்டு வருசம்மா. என்னுது மறுபடி வளந்துரும்." சொல்லிவிட்டு என் கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பையைத் திணித்தார். "மொண்டு மேலருந்து ஊத்துங்க. நிறுத்தாதீங்க."

ஊற்றினேன். மொள்வது, ஊற்றுவது. பத்து நிமிடத்திலேயே தோள் வலி. பக்கத்தில் இன்னொரு கை கோப்பையோடு வந்தது. பார்த்தால் இவர்! சட்டைக் கையை மடித்துவிட்டு, பேண்ட் நனைய நனைய.

"கேன்டீன்ல லைட்டு இல்ல" என்றார்.

எல்லாக் கடையிலும் அதே வேலை. கோப்பை, குவளை, ஐஸ் டப்பா மூடி. யார் கடைக்காரர், யார் வாங்க வந்தவர் என்று இருட்டில் தெரியவில்லை. நேற்று அனிமோனை என் தலையில் கட்டப் பார்த்தவர்கூட, தன் தொட்டிக்கு ஒரு கோப்பை, பக்கத்துக் கடைத் தொட்டிக்கு ஒரு கோப்பை. நான் இரண்டு முறை உட்கார்ந்தேன். இவர் உட்காரவே இல்லை. "இந்தா, இந்தப் பச்சக்கல்லுப் பக்கம் யாரும் ஊத்தல பாரு" என்று என்னை அதட்டல் வேறு.

ஐந்தரைக்கு மின்சாரம் வந்தது. பம்புகள் குமுறிக்கொண்டு ஓடத் தொடங்கின. எல்லாரும் கை தட்டினார்கள். நான் அழுதேன், ஏனென்று தெரியவில்லை.

சில மீன்கள் போய்விட்டன. அக்காவுக்கு ஒரு தட்டு நிறைய இருந்த பவளம் முழுக்கச் சுருங்கி வெளுத்துப் போனது. அங்கிளின் பெரிய பவளம் விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு மொட்டையாக நின்றது, ஆனால் உயிரோடு.

அங்கிள் புது பிளேடு ஒன்றைப் பிரித்தார். சட்டையோடு தோள் வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, அந்தப் பவளத்தின் ஓரத்தில் வைத்து அறுத்தார். விற்பனைக்கு இல்லை என்ற பவளம்! பால் போல ஏதோ கசிந்தது. உள்ளங்கை அளவுத் துண்டு. பையில் போட்டு அக்காவிடம் இரண்டு கையாலும் நீட்டினார். "லு தானாம். லு பாண்டாய்." நீ வளர்த்துக்கோ, உனக்குத் தெரியும் என்று.

அக்கா பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

எனக்கு மஷ்ரூம் கல்லை எடுத்து வைத்து, காசு வேண்டாம் என்றார். நான் விடவில்லை. முழு விலை கொடுத்தேன். சும்மா வாங்கிவிட்டால் என் மனதுக்கே ஒப்பாது. பம்பு வாங்க மறந்தேபோனது. பையை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது இவர்.

செப்டம்பர் 12, திங்கள்

ஆபீஸில் டெலிபோன் தூக்கவே கை வரவில்லை. மஷ்ரூம் நான்கும் சுருங்கிக் கிடக்கின்றன, ஊறாத கடலைப் பருப்பு மாதிரி. கோமாளி மீன் ஒன்று வந்து முகர்ந்துவிட்டுப் போனது.

செப்டம்பர் 13, செவ்வாய்

இன்னும் அப்படியே. கல்லைக் கொஞ்சம் நகர்த்தலாமா என்று கிள்ளானுக்குப் போன் போட்டேன்.

"தொட்டீங்களா?"

"இல்லக்கா." (தொட்டேன். ஒரே ஒரு முறை.)

"தொடாதீங்க. அதுக்கும் அன்னிக்கு நடந்தது பயம்தானே. விடுங்க."

அங்கிள் கொடுத்த துண்டு கல்லைப் பிடித்துக்கொண்டதாம். அங்கிள் நேற்று அம்பாங்கிலிருந்து வேனில் வந்து குளியல் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம். மஷ்ரூம் பத்துக் கல் வாங்கினாராம். "விலைய மட்டும் ஏத்து ஏத்துங்கறாரு" என்று அக்கா சிரித்தார். ஏற்றவில்லையாம்.

செப்டம்பர் 14, புதன்

ஏழு மணி. வானம் வெளுப்பு, மழை இல்லை. டியூபைப் போட்டேன்.

திறந்திருக்கிறது. நாலும்! ஒவ்வொன்றும் ஐம்பது காசு அளவுக்கு விரிந்து, பச்சை நிறம், நடுவில் நீலக்கோடு. ஓரம் மெல்ல அசைகிறது. கண்காட்சியில் இருந்தபோதுகூட இவ்வளவு பச்சை இல்லை.

கூப்பிட்டேன். இவர் பாதி சவரத்தில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு வந்து தொட்டி முன்னால் குந்தினார். நுரை தரையில் சொட்டியது. ஏழேகால். ஏழரை. பஸ் போயிருக்கும்.

"சாந்தி, இன்னிக்கு எமர்ஜென்சி லீவு போட்டுரலாமா?"

"என்ன எமர்ஜென்சின்னு கேட்டா?"

"நீ டெலிபோன எடு. நான் சொல்லிக்கறேன்."